எறிந்த கை

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியில், வாழ்க்கைச் சரிதங்கள் பற்றிய வரிசையில் நிகழ்த்திய உரை)



இந்த வரிசையில் எனக்கு முன்னர் பேசியவர்கள் புலவர்களையும் தலைவர்களையும் பற்றிப் பேசினார்கள். சென்ற கிழமை உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' பற்றி ஒரு நல்ல உரையைக் கேட்டோம். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பவர் ஏடு தேடி அலைந்தவரல்லர். பந்து வீசிச் சம்பளம் வாங்கியவர். அதுவும் நம்மில் பலர் கண்ணாலும் கண்டிராத பேஸ்போல் பந்து. பெயர் ரிங்கு சிங். இந்தப் பெயரை நிகழ்ச்சித் தயாரிப்பாளரிடம் சொன்னபோது தொலைபேசியின் மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "மாஸ்டர், இது இலக்கிய நிகழ்ச்சி" என்றார், மிகவும் மரியாதையாக.

சரிதம் எழுதுகிறவன் எந்த இடத்தில் பேனையை மூடுகிறான் என்பது இலக்கியத்தின் சங்கதிதானே, அதைத்தான் பேசப்போகிறேன் என்றேன். அரை மனதோடு சம்மதித்தார்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ரிங்கு சிங் என்றதும் கிரிக்கெட் இரசிகர்களுக்கு அலிகார் நகரத்து இளைஞர் நினைவுக்கு வருவார். 2023 ஆம் ஆண்டு ஐ.பி.எல். போட்டியொன்றில், கடைசி ஓவரில், ஐந்து பந்துகளை அடுத்தடுத்து ஆறு ஓட்டங்களுக்கு அடித்தாரே, அவர். நான் சொல்பவர் வேறு. அதே உத்தரப் பிரதேசம்தான். ஆனால் கம்பள நெசவுக்குப் பேர்போன பதோஹி மாவட்டம், வாரணாசிக்குப் பக்கம். தகப்பனார் லொறிச் சாரதி. வீட்டில் ஒன்பது பிள்ளைகள். லக்னோவில் ஒரு விளையாட்டுக் கல்லூரியில் சேர்ந்து ஈட்டி எறியப் பழகிய பையன். இடது கைக்காரர்.

பேஸ்போல் என்றால் என்ன என்று நம் பிள்ளைகளுக்கு விளக்குவது அவ்வளவு கடினமில்லை. எங்கள் பாடசாலை மைதானங்களில் எல்லே விளையாடுகிறோம். தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டம் சுற்றி ஓடுகிறோம். ஓடும்போது பந்தால் எறிபட்டால் ஆட்டமிழக்கிறோம். பேஸ்போலும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் அங்கே பந்தை வீசுகிறவன் தனி இராசா. பதினெட்டரை மீற்றர் தூரத்தில் ஒரு சிறு மண்மேட்டில் நின்றுகொண்டு, அடிப்பவன் ஏமாறும்படி வீச வேண்டும். கிரிக்கெட்டில் முழங்கையை நீட்டிப் போடுகிறோம். மடக்கிய கையை அதிகம் நிமிர்த்தினால் நடுவர் விடமாட்டார். அங்கே மடக்கித்தான் ஆகவேண்டும். சவுக்கைச் சுழற்றுவது போல முழங்கை முன்னே போக, கை பின்னால் வரும். இந்த முழங்கையை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதை இதைச் சுற்றித்தான் வரும்.

2008 ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து ஜே. பி. பேர்ண்ஸ்டைன் என்ற விளையாட்டு முகவர் இந்தியாவுக்கு வந்தார். நூறு கோடிச் சனங்கள் உள்ள நாட்டில் வேகமாக எறியக்கூடிய கை ஒன்றாவது இருக்காதா என்பது அவருடைய கணக்கு. ஊர் ஊராகப் போட்டி வைத்தார். 'மில்லியன் டொலர் கை' என்று அதற்குப் பெயர். முப்பத்தேழாயிரத்துக்கும் அதிகமானோர் வந்து எறிந்து பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தப் பந்தை அன்றுதான் முதன்முதலாகக் கையில் பிடித்தவர்கள். ரிங்குவின் பந்து மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீற்றர் வேகத்தில் போனது. ஒரு இலட்சம் டொலர் பரிசு கிடைத்தது. பெயரில் இருந்த மில்லியன் டொலர் மட்டும் எவருக்கும் கிடைக்கவில்லை. பெயர் வைக்கிறவர்களுக்கு எப்போதும் கை கொஞ்சம் தாராளம்.

ரிங்குவையும், அவரைப் போலவே ஈட்டி எறிந்துகொண்டிருந்த தினேஷ் பட்டேல் என்ற இன்னொரு இளைஞரையும் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ரொம் ஹவுஸ் என்பவர் பயிற்றுவித்தார். இந்த ரொம் ஹவுஸ் ஒரு சுவையான மனிதர். அவரும் பழைய பந்துவீச்சாளர். ஹாங்க் ஆரோன் என்ற மாவீரர் 1974 ஆம் ஆண்டு ஏப்ரலில் தமது 715 ஆவது 'ஹோம் ரன்' அடித்துச் சாதனை படைத்தபோது, வேலிக்கு வெளியே விழுந்த அந்தப் பந்தைப் பிடித்தவர் இவர். ஆட்டத்தை விட்ட பிறகு உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, வீசுவது எப்படி என்பதையே ஆராய்ந்துகொண்டிருந்தவர். வீச்சு கையிலிருந்து வருவதில்லை, காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வருகிறது, கை கடைசியாகச் சேர்ந்துகொள்வதுதான் என்பது இந்தக் கலையைப் படித்தவர்கள் சொல்லும் பாடம்.

2008 நவம்பரில் இருவரும் பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் கழகத்தோடு ஒப்பந்தமானார்கள். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்போலில் கையெழுத்திட்ட முதல் இந்தியர்கள். மறு ஆண்டு யூலையில், கழகத்தின் கீழ்நிலை அணியொன்றுக்காகப் புளோரிடாவில் முதல் ஆட்டம் ஆடினார்கள். அதே மாதம் ஒரு வெற்றி ரிங்குவின் பெயரில் பதிவானது.

சினிமா இங்கே முடிகிறது.

ஆம், இந்தக் கதையை டிஸ்னி நிறுவனம் படமாக்கியது. 2014 மே மாதம் வெளிவந்தது. இசை நம் ஏ. ஆர். ரஹ்மான். நான் என் மருமகனின் மடிக்கணினியில் பார்த்தேன். நல்ல படம்தான். வெயிலில் வெந்த இந்தியத் தெருக்கள், கண் கலங்கும் தாய், ஒப்பந்தம் கிடைத்ததும் எழும் ஆரவாரம். பார்த்து முடித்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. அடுத்த நாள் காலையில்தான் ஒன்று உறைத்தது. அந்தப் படத்தின் கதாநாயகன் பந்து வீசியவனல்லன். பந்து வீசியவனைக் கண்டுபிடித்த முகவர். முகவரின் கதை ஒப்பந்தத்தோடு முடிந்துவிடும். வீசியவனுடைய கதை அங்கேதான் தொடங்குகிறது.

அங்கே சிறு லீக்குகள் என்று ஏணிப்படி போல நிலைகள் உண்டு. ஏணியின் அடியில் நிற்பவன் உச்சிக்குப் போவது அபூர்வம். அந்த நாட்களில் அடிப்படிகளில் சம்பளம் சொற்பமாக இருந்தது. அதுவும் ஆட்டம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும் கிடைத்தது. மற்ற மாதங்களில் உடற்பயிற்சி செய்துகொண்டு, வேறு வேலை தேடிக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது. இந்த அநியாயத்துக்கு எதிராக வீரர்கள் வழக்காடி, 2022 இல் 185 மில்லியன் டொலருக்கு இணக்கம் கண்டார்கள் என்றால் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். தினேஷ் பட்டேலை 2010 முடிவில் கழகம் விடுவித்துவிட்டது. அவர் ஊருக்குத் திரும்பி மறுபடியும் ஈட்டியைக் கையில் எடுத்தார். ரிங்கு தங்கினார். குளிர்காலத்தில் அவுஸ்திரேலியாவில் கன்பரா அணிக்கும் ஆடினார். 2012 இல் மேற்கு வேர்ஜினியா அணிக்கு ஏற்றப்பட்டார். ஏணியில் அது இன்னும் கீழ்ப்பாதிதான். ஆனால் பந்தை முதன்முதலாகத் தொட்டு நான்கு வருடங்களில் அந்த உயரம் போனது சாமானியமல்ல என்று அந்த ஆட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

அதற்கு மேலே அவர் ஏறவில்லை. 2013 பருவம் முழுவதையும் கைக் காயத்தால் இழந்தார். பிறகு முழங்கையில் சத்திரசிகிச்சை.

அந்தச் சத்திரசிகிச்சையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முழங்கையின் உட்புறத்தில், மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் சேர்த்துக் கட்டிவைத்திருக்கும் சிறிய நார் ஒன்று இருக்கிறது. வேகமாக வீசும் ஒவ்வொரு பந்தும் அதை அறுந்துபோகும் எல்லைக்குப் பக்கத்தில் இழுத்து விடுகிறது. ஒருநாள் அது அறுகிறது. ஒரு காலத்தில் நார் அறுந்தால் கதை அத்தோடு சரி. 1974 இல் பிராங்க் ஜோப் என்ற வைத்தியர், ரொமி ஜோன் என்ற பந்துவீச்சாளருடைய வலது முன்கையிலிருந்து ஒரு நாணை எடுத்து, அவர் வீசுகின்ற இடது முழங்கையில் வைத்துக் கட்டினார். ரொமி ஜோன் 1976 இல் திரும்பி வந்து, நாற்பத்தாறு வயது வரை வீசி, மொத்தம் 288 ஆட்டங்களை வென்றார். சத்திரசிகிச்சைகளுக்கு வைத்தியரின் பெயரை வைப்பது வழக்கம். இதற்கு மட்டும் நோயாளியின் பெயர் நிலைத்துவிட்டது. உலகம் முழுவதும் அது 'ரொமி ஜோன் சத்திரசிகிச்சை'தான்.

வானொலிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இதைச் செய்து பாருங்கள். பெருவிரலையும் சின்னவிரலையும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு மணிக்கட்டைச் சற்று மடக்குங்கள். நடுவிலே ஒரு நரம்பு போல எழும்பி நிற்கிறதல்லவா? பெரும்பாலும் எடுத்துக் கட்டுவது அதைத்தான். சிலருக்கு அது பிறப்பிலேயே இருக்காது. பயப்பட வேண்டாம், அதனால் ஒரு குறையுமில்லை.

எல்லாருக்கும் ரொமி ஜோனுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை. இதில் என்னை உறுத்துவது நாட்கணக்குத்தான். 2014 மே மாதம், உலகம் திரையரங்குகளில் அந்தக் கையின் வெற்றியைக் கண்டு கைதட்டிக்கொண்டிருந்தது. அதே காலத்தில் அந்தக் கை பந்து வீச முடியாமல் இருந்தது.

இங்கே நான் ரிங்கு சிங்கைச் சற்று நிறுத்திவிட்டு என்னைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. சொல்லாமல் விட்டால் இந்த உரை பொய்யாகிவிடும்.

நான் முப்பத்திரண்டு வருடங்கள் இந்த மாவட்டத்துப் பாடசாலைகளில் தமிழ் படிப்பித்தவன். விளையாட்டுப் பொறுப்பும் என் தலையில் இருந்தது; ஆளில்லாத இடத்தில் தமிழ் வாத்தியார்தானே எல்லாவற்றுக்கும். 2003 இல், சமாதான காலத்தில், பாதைகள் திறந்து பிள்ளைகள் மாவட்டம் விட்டு மாவட்டம் போட்டிகளுக்குப் போகக்கூடியதாக இருந்த நாட்களில், என்னிடம் ஒரு பையன் இருந்தான். கடற்கரைக் கிராமத்துப் பிள்ளை. எல்லேயில் அவன் எறிந்தால் ஓடுகிறவன் தப்ப மாட்டான். ஈட்டி கொடுத்தேன். மூங்கில் ஈட்டிதான். முதல் எறியிலேயே அளவு நாடா போதாமல் இன்னொன்றைக் கொண்டுவரப் பிள்ளைகளை ஓடவிட்டேன்.

மாவட்டத்தில் முதலாவதாக வந்தான். நான் ஒரு சிற்றிதழில் அவனைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். மண் வீடு, கடலுக்குப் போன தகப்பன், மூங்கில் ஈட்டி, பெருக்க மரத்தடியில் பயிற்சி. எல்லாம் உண்மைதான், பெருக்க மரத்தைத் தவிர. அது மன்னார் என்றால் வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள் என்று நானாகப் போட்டது. கடைசி வரியில், நாளை உலகம் இவன் பெயரைச் சொல்லும் என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். கொழும்பிலிருந்து கூடக் கடிதம் வந்தது. அழகான நடை என்று பாராட்டியிருந்தார்கள்.

மாகாணப் போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் முழங்கை நோகிறது என்றான். தைலம் பூசி, சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்து, துணியால் கட்டி, கூட்டிக்கொண்டு போனேன். முழங்கையின் உட்புறத்தில் ஒரு நார் இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கட்டுரை எழுதிவிட்டேனே! எழுதியதைப் பொய்யாக்க எனக்கு மனம் வந்திருக்குமா என்பது வேறு கேள்வி. மூன்றாவது எறியில் ஈட்டி கையை விட்டுப் போகுமுன் அவன் சத்தமிட்டான். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவன் எறியவில்லை. உயர்தரம் எழுதாமல் கடலுக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். பிறகு யுத்தம் மறுபடி வந்தது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேடுவதே பெரும்பாடாயிற்று. எனக்கு அது ஒரு வசதியான சாட்டாகவும் இருந்தது.

சரி, ரிங்குவிடம் திரும்புவோம். முழங்கை போன பிறகு முப்பது வயதை நெருங்கும் ஒருவன் என்ன செய்வான்? ஆறடிக்கு மேற்பட்ட ஆள், நல்ல தோள். 2018 ஜனவரியில் டபிள்யூ. டபிள்யூ. ஈ. என்ற மல்யுத்த நிறுவனத்தில் சேர்ந்தார். நம் வீடுகளில் பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத் தலையணையை அடித்துக் கிழிப்பார்களே, அதுதான். அங்கே அவருக்கு 'வீர் மஹான்' என்று பெயர் சூட்டினார்கள். நெற்றியில் மூன்று பட்டை, கழுத்தில் உருத்திராட்சம், தாடி, கறுத்த உடை. வருகிறார், வருகிறார் என்று மாதக்கணக்காக அறிவித்துவிட்டு, 2022 ஏப்ரலில் மேடையேற்றினார்கள். இது கூத்து, வெற்றி தோல்வி முன்கூட்டியே எழுதப்பட்டது. ஆனால் கூத்தில் ஆடுகிறவனுக்கும் விழுந்தால் நோகும். 2024 ஏப்ரலில் அந்த நிறுவனமும் அவரை விடுவித்தது.

விமர்சகர்கள் சிலர் இதைச் சரிவு என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தொழிலுக்கு அடிமட்டத்திலிருந்து பழகி, அது உடைந்ததும் இன்னொன்றுக்கு மறுபடி அடிமட்டத்திலிருந்து பழகுவது எத்தனை பேருக்கு முடியும்? எனக்கு முடியாது. ஓய்வு பெற்ற பிறகு நான் புதிதாகப் பழகியது குறுக்கெழுத்துப் போட்டி ஒன்றுதான்.

2025 இல் அவரைப் பற்றி மறுபடியும் ஒரு செய்தி வந்தது. விருந்தாவனத்தில், பிரேமானந்த் மகாராஜ் என்ற துறவியின் அடியவர்களோடு சேர்ந்து, துடைப்பத்தால் தெருக் கூட்டுகிறார். அந்தக் காணொளியை நான் பலமுறை பார்த்தேன். பக்தியைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. அது அவருக்கும் அவருடைய கடவுளுக்கும் இடையிலானது. நான் பார்த்தது கையை. மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் பந்து வீசிய கை, ஈர்க்குத் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இடமும் வலமும் போய்வருகிறது. இதை டிஸ்னிக்காரர் படமாக்கமாட்டார். நம் சிறுகதை எழுத்தாளர்கள் எடுத்தாலும், ஐயோ பாவம் என்று முடித்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. வெற்றி, அல்லது வீழ்ச்சி. நமக்கு இரண்டு முடிவுகள்தான் தெரியும். 'என் சரித்திரம்' பாதியில் நிற்கிறதென்றால் அதை எழுதியவர் 1942 இல் காலமாகிவிட்டார், அது நியாயம். மற்றக் கதைகளை நாம் உயிரோடு இருந்துகொண்டே பாதியில் விட்டுவிடுகிறோம்.

அந்தக் காணொளியைப் பார்த்த கிழமை என் பழைய மாணவனைத் தேடிப் போனேன். இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. பெரிய தேடலொன்றும் வேண்டியிருக்கவில்லை. சந்தையில் ஒரு மீன்காரரிடம் கேட்டேன்; அவர் கையைக் காட்டினார். இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறான். வெட்கமாக இருந்தது.

முழங்கால் தண்ணீரில் வீச்சுவலையோடு நின்றான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. "வாங்கோ சேர்" என்றான், நேற்றுக் கண்டது போல. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வலையின் ஒரு பக்கத்தைப் பல்லில் கடித்து, ஒரு பக்கத்தை முழங்கையில் போட்டு, அரை வட்டம் சுழன்று விட்டான். வலை வட்டமாக விரிந்து விழுந்தது. ஈயமணிகள் தண்ணீரைத் தொடும் சத்தம் மழை தூறியது போல இருந்தது.

"கை நோகேல்லையோ தம்பி?" என்று கேட்டேன்.

"கையாலை எறிஞ்சாத்தானே சேர் நோகும். இது இடுப்பாலை எறியிறது. அப்பா காட்டித் தந்தவர். ஒரு வருசம் எடுத்தது பழக."

கலிபோர்னியாவில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள் சொல்லும் பாடம். அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று தொடங்கினேன். அவன் வலையை இழுத்துக்கொண்டிருந்தான். திரளி நாலைந்து, ஒரு ஓரா. ஓராவின் முள்ளுக்குப் பயந்து கவனமாகக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "அந்தப் புத்தகத்தை அம்மா கனகாலம் வச்சிருந்தவ சேர். இடம்பெயரேக்கை தொலைஞ்சு போச்சு. ஆனா ஒண்டு, அந்தப் பெருக்க மரம் எங்கை சேர் இருந்தது? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தன்."

நான் உண்மையைச் சொன்னேன். கையில் மீனோடு நின்று வாய்விட்டுச் சிரித்தான்.

பிறகு கரையில் இருந்து தேநீர் குடித்தபடி ரிங்கு சிங்கின் கதையைச் சொன்னேன். படத்தைப் பற்றிச் சொன்னபோது சும்மா தலையாட்டினான். முழங்கையை வெட்டிக் கட்டிய கதைக்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தான். தன் முழங்கையின் உட்புறத்தை மற்றக் கையால் தடவிக்கொண்டான். இதை வானொலியில் பேசப் போகிறேன், உன்னைப் பற்றியும் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லுங்கோ, பேரும் ஊரும் வேண்டாம் என்றான். ஆகவே அவை இரண்டையும் நான் இங்கே சொல்லவில்லை.

புறப்படும்போது இரண்டு திரளியைப் பையில் போட்டுத் தந்தான். காசு வாங்க மறுத்துவிட்டான். சைக்கிளில் ஏறிய பிறகு பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"சேர், அந்த இந்தியாக்காரர் இருக்கிற இடத்திலை மாரிக்குக் கடும் குளிராம் எண்டுறாங்கள். எனக்கு இஞ்சை வாடைக்காத்துத் துவங்கினாலே விடியக்காலமை கை விறைச்சுப்போம். அவருக்கும் அப்பிடித்தானோ சேர்?"